மாமி ஏறிய சீகிரியா

வரலாறு படிப்பிக்கிற டீச்சருக்குப் பெரிய தொல்லை, பாடப்புத்தகத்தில் இருக்கும் படங்கள்தான். படமில்லாத பாடத்தைப் பிள்ளைகள் மனனம் செய்து, சோதனையில் எழுதி, மறந்துவிடுவார்கள். படமுள்ள பாடம் வந்தால் ஒருத்தி கையை உயர்த்தி, "எப்ப டீச்சர் இங்க கூட்டிப் போவீங்க?" என்று கேட்பாள். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய், வழியெல்லாம் தலைகளை எண்ணி எண்ணித் தலையிடி வாங்கிய ஆசிரியர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

நான் அப்போது கல்முனைப் பக்கத்தில் முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சூறாவளி எங்கள் தென்னைகளின் தலைகளைத் திருகிக்கொண்டு போனதற்குப் பின்வந்த இரண்டாவது சித்திரை. பிள்ளைகள் கேட்ட இடம் சீகிரியா. காட்டின் நடுவே தனியாக எழுந்து நிற்கும் பெரிய பாறை. அதன் உச்சியில், தகப்பனைக் கொன்ற மகன் ஒருவன் பயத்தோடு கட்டிக்கொண்ட கோட்டை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அதுவரை மட்டக்களப்பைத் தாண்டியதில்லை.

நிபந்தனை

எங்கள் ஊர்களில் குடி என்பது தாய்வழியாக வருவது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு தலைவர் உண்டு, மரைக்கார் என்போம். பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரே குடி. அந்த மரைக்கார் தலையாட்டினால்தான் தகப்பன்மாரான வாப்பாமார் தலையாட்டுவார்கள். நானும் கமலா டீச்சரும் அவர் வீட்டுக்குப் போனோம். கமலா பக்கத்தூரான காரைதீவுத் தமிழ்ப்பெண், கணிதம் படிப்பிக்கிறவள், கூடவே வாய்க்காரி.

மரைக்கார் நேரடியாக மறுக்கிற மனிதர் அல்ல. தேத்தண்ணி தந்தார். சூறாவளியில் ஓடு போன வகுப்பறையைப் பற்றி விசாரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போகட்டும் டீச்சர். எங்கட ராத்தா துணைக்கு வருவா. ராத்தா போற இடமெல்லாம் பிள்ளைகள் போகலாம். ராத்தா நிக்கிற இடத்தில பிள்ளைகளும் நிக்கணும். இந்த முறை சரிவந்தா வருசா வருசம் போங்க. பாதியில திரும்பி வந்தா, இனி இந்தச் சுற்றுலாக் கதையே வேணாம்."

அவருடைய ராத்தாவை, அதாவது மூத்த சகோதரி சுலைஹா மாமியை, ஊரில் தெரியாதவர்கள் இல்லை. நல்ல பாரமான உடம்பு. இரண்டு முழங்காலிலும் வாதம். அடுத்த தெருக் கலியாணத்துக்கும் மாட்டுவண்டி கேட்கிறவர். நான் வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். படலையைச் சாத்திக்கொண்டே கமலா சொன்னாள்: "மனுசன் கதவைப் பூட்டி, திறப்பைக் கிணத்துக்குள்ள போட்டிட்டார்."

யாருடைய குளம்

விடியற்காலைச் சுபஹு தொழுததும் பஸ் புறப்பட்டது. மாமியோடு நான்கு சாமான்கள் ஏறின: ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு வெற்றிலைப் பை, துப்புவதற்கு வெறும் பால்பேணித் தகரம் ஒன்று. தனக்கு எதற்காக இந்தப் பயணம் என்று அவர் கேட்கவில்லை. தம்பி "பிள்ளைகளோட ஒருக்கா போயிட்டு வா ராத்தா" என்றாராம். இவர் புதுச்சேலையை அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டார், அவ்வளவுதான். வாப்பாமார் வழியாகப் பிள்ளைகளுக்கும் நிபந்தனை தெரிந்திருந்தது, மாமியிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் சொல்ல மனம் வரவில்லை.

வாழைச்சேனை தாண்டியதும் காடு. காடு முடிந்ததும் பொலன்னறுவை. அங்கே கடல்போல் கிடந்த குளத்தைக் கண்டு பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மாமிக்கு வயல் இருக்கிறது, உம்மா சீதனமாகக் கொடுத்த வயல். வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுகிற வட்டவிதானையோடு போகத்துக்குப் போகம் சண்டை பிடித்து உரம் ஏறியவர். யன்னலால் நீண்டநேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "இவ்வளவு தண்ணிக்கும் ஒரு வட்டவிதானை எண்டா, டீச்சர் புள்ள, அவன் எவ்வளவு பெரிய கள்ளனா இரிப்பான்!"

பால்பேணியும் பரிவாரமும்

சித்திரை வெயிலை நான் வர்ணிக்கத் தேவையில்லை. அகழியைத் தாண்டி நந்தவனத்து நேர்பாதையில் கால் வைத்தபோது மணல் செருப்புக்குள்ளால் சுட்டது. கண்ணுக்கு முன்னால் பாறை நின்றது. மாமி அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "வடிவாத்தான் இரிக்கி. பாத்திட்டம். மறுகா என்ன?" என்று கேட்டு, முதல் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாதை முடிவதற்குள்ளேயே எங்கள் சுற்றுலா முடிந்துவிடும்போல் இருந்தது. அப்போது முன்னுக்கு வந்தவள் பௌசியா. வகுப்பில் கடைசி வாங்கில் இருந்துகொண்டு முதல் கேள்வி கேட்கிறவள் அவள்தான். சீகிரியாப் படத்தைக் காட்டிக் கை உயர்த்தியவளும் அவளே. ஒருத்தியிடம் குடையைக் கொடுத்தாள், ஒருத்தியிடம் போத்தலை, இன்னொருத்தியிடம் பேணியை. வெற்றிலைப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த மரத்தடிவரை நடந்து நின்று திரும்பினாள். "மாமி, வெத்திலை இங்க இரிக்கி!"

மாமி முறைத்தார். எழும்பினார். மரத்தடிக்குப் போனார். ஒரு வெற்றிலை கிடைத்தது. அதைச் சப்பி முடிப்பதற்குள் பை அடுத்த பாறைக்குப் போய்விட்டது. அப்படியே வெற்றிலைக்கு வெற்றிலை, நிழலுக்கு நிழல், குடை பிடிக்க ஒருத்தி, பேணி ஏந்த ஒருத்தி என்று மாமியின் ஊர்வலம் படிகளில் ஏறியது. அந்தக் கோட்டையைக் கட்டிய அரசனுக்கும் இப்படி ஒரு பரிவாரம் வாய்த்திருக்குமோ தெரியாது. மூச்சு வாங்க நின்ற ஒரு திருப்பத்தில் மாமி பௌசியாவின் காதைப் பிடித்தார்: "ஆட்டுக்குக் குழை காட்டுற மாதிரி எனக்கு வெத்திலை காட்டிக் கூட்டிப் போறியாடி?"

பூவோடு நிற்கிறவர்கள்

பாதி உயரத்தில், பாறையின் இடுக்கில், ஓவியங்கள் இருக்கின்றன. மேலுடம்பில் நகைகளைத் தவிர வேறொன்றும் அணியாத பெண்கள். மேகத்துக்குள்ளிருந்து இடுப்புவரை எழுந்து, கையில் பூவோடு நிற்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அந்தப் படம் முகம் மட்டும் தெரியும்படி வெட்டப்பட்டிருந்தது. எனக்கு முழுப்படமும் தெரியும். பஸ்ஸில் ஏறிய நேரத்திலிருந்து நான் பயந்துகொண்டு வந்ததும் இதற்குத்தான். 'வாங்கடி திரும்பிப் போவம்' என்று மாமி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சுருள்படியில் அவரை நானும் கமலாவும் தாங்கி ஏற்றினோம். பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்தினார்கள், பிறகு கைலேஞ்சியால் முகத்தைப் பொத்தினார்கள், பிறகு எல்லாருமாகச் சேர்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார்கள். மாமி சிரிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு முகத்தையும், சம்பந்தம் பேசப் போன வீட்டில் பெண் பார்ப்பதுபோல், பொறுமையாகப் பார்த்தார். பார்த்து முடித்து, பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "பாவம், எத்தனை காலமா பூவை வச்சிக்கிட்டு நிக்குதுகள்! வந்து போன ராசாமாரில ஒருத்தனாவது ஒரு சட்டைத்துணி வாங்கிக் குடுத்தானா?"

சிங்கத்தின் காலடி

அதற்கு மேலே ஒரு திடல். பாறையோடு ஒட்டி இரண்டு பெரிய சிங்கக் கால்கள், நகங்களோடு. முன்பு முழுச் சிங்கமே இருந்ததாம். அதன் வாய்க்குள்ளால்தான் மேலே போவார்களாம். இப்போது கால்களுக்கு நடுவிலிருந்து படிகள் தொடங்கி, செங்குத்துப் பாறையில் ஒட்டிய இரும்புப் படிகளாய் வானத்துக்குள் போகின்றன. காற்று வேறு. மேலே ஏறுகிறவர்கள் கொடியில் காயும் துணிகள்போல் படபடத்தார்கள்.

மாமி சிங்கத்தின் நகத்தருகே நிழலில் உட்கார்ந்து, முழங்கால்களை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "இதுக்கு மேல எனக்கு ஏலா டீச்சர் புள்ள. நீங்க போயிட்டு வாங்க. நான் இரிக்கன்."

பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. பௌசியா வெற்றிலைப் பையை நீட்டினாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். அந்த மறுப்பில்தான் அவருக்கு உண்மையிலேயே முடியவில்லை என்பது எங்களுக்கு விளங்கியது.

"ஏன்டி நிக்கிறீங்க? போங்களேன்."

"நீங்க நிக்கிற இடத்தில நாங்களும் நிக்கணுமாம் மாமி" என்றாள் பௌசியா.

"ஆரு சொன்ன?"

"மரைக்கார்தான். நீங்க ஏறினாத்தான் நாங்க ஏறலாம். ஏறாமத் திரும்பினா இனி எங்களுக்குச் சுற்றுலாவே இல்லையாம்." கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, வகுப்பில் கேட்பதுபோலவே நேராகக் கேட்டாள்: "உங்களுக்கு முழங்கால் ஏலாதெண்டு அவருக்குத் தெரியும்தானே மாமி?"

மாமி என்னைப் பார்த்தார். "மெய்தானா?"

நான் தலையாட்டினேன். மாமி வாயில் கிடந்ததைப் பேணியில் துப்பி, வாயைத் துடைத்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அங்கே முதலில் வந்தது வெட்கம். தன்னை நம்பி அனுப்பியதாக நினைத்து, புதுச்சேலை கட்டி வந்த ஒருத்தியின் வெட்கம். அந்த முகத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறகுதான் மற்றது வந்தது. செருப்பைக் கழற்றினார். முக்காட்டை இறுக்கி ஊசி குத்தினார். என் தோளில் கையை ஊன்றி எழும்பினார்.

"அவனுக்கு நடை பழக்கினவள் நான்! நான் எவ்வளவு தூரம் போவன் எண்டு அவனா எனக்கு அளந்து தாற? நடங்கடி!"

அடக்கி வைத்த குரவை

மகிழ்ச்சியென்றால் எங்கள் பெண்களுக்குக் குரவை தானாக வந்துவிடும். கலியாணத்திலும் நாக்கைச் சுழற்றி அந்த ஒலியை எழுப்புவார்கள், சுன்னத்து வீட்டிலும் எழுப்புவார்கள். மாமி எழும்பி நின்றதும் பிள்ளைகள் எல்லாருமாக வாயைத் திறந்தார்கள். முதல் ஒலி வெளிவந்ததுதான் தாமதம், காவற்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். "சத்தம் வேண்டாம் நோனா, சத்தம் வேண்டாம்!" என்று கெஞ்சிக்கொண்டு மேலே காட்டினார். பாறையின் வயிற்றில், கறுத்த பலாக்காய்கள்போல், குளவிக் கூடுகள் தொங்கின. அருகில் நின்ற கம்பிவலைக் கூண்டையும் காட்டினார். குளவி கலைந்தால் ஆட்கள் ஓடி ஒளிவதற்காம்.

குரவை அப்படியே தொண்டைக்குள் போனது. "மேல போய்ப் போடுங்க, அங்க பயமில்ல" என்று அவரே வழி சொன்னார். குரவை போடும்போது குளவியையும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று எங்களுக்கு அதுவரை ஒருவரும் படிப்பிக்கவில்லை. பிள்ளைகள் உதட்டை மடித்துக்கொண்டு, சிரிப்பும் குரவையும் ஒன்றாய் முட்ட, ஓசையில்லாமல் படியேறினார்கள்.

கமலா முன்னால், மாமி நடுவில், நான் பின்னால். மாமி ஒவ்வொரு படிக்கும் நபியின் பேரில் ஒரு ஸலவாத்துச் சொன்னார். இரும்பு கையைச் சுட்டது. காற்று சேலைக்குள் புகுந்து பாய்மரம்போல் உப்பியது. நடுவில் ஓரிடத்தில் அவர் நின்றுவிட்டார். கண்களை மூடிக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் ஏறிவந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். "கீழே மட்டும் பார்க்காதீங்க மாமி" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "நான் ஏன் கீழ பாக்க? கீழ இரிக்கிறவன் என்ட தம்பிதானே!" அடுத்த படியில் காலை வைத்தார்.

கடல் எந்தப் பக்கம்

மேலே வந்துவிட்டோம். அரண்மனை என்று ஒன்றுமில்லை. இடுப்பளவு சுவர்கள், வெட்டிய கல்லில் ஒரு குளம், புல், வெயில். சுற்றிவரக் காடு, அடிவானம்வரை ஒரே பச்சை. பயந்து ஓடி வந்தவன் கட்டிய மாளிகையில் பயம்கூட மிஞ்சவில்லை. காற்று மட்டும் இருந்தது.

நாங்கள் குரவைக்குக் காத்திருந்தோம். மாமியோ நண்பகல் லுஹர் தொழும் நேரம் வந்துவிட்டதென்று சொல்லி, போத்தல் தண்ணீரில் முகம் கைகால் கழுவி, சிக்கனமாக ஒழு எடுத்தார். எடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே ஒருமுறை சுற்றினார். இன்னொருமுறை சுற்றினார். குழந்தைபோல் திகைத்துவிட்டார். எங்கள் ஊரில் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்க ஒருவருக்கும் கருவி தேவையில்லை. கடலை முதுகுப்பக்கம் விட்டு நின்றால் போதும். பிறந்த நாளிலிருந்து கடலின் இரைச்சல் முதுகில் படத் தொழுத மனுசி, முதல் தடவையாகக் கடல் இல்லாத ஓர் உலகத்தின் நடுவில் நின்றார்.

"நம்மட கடல் எந்தப் பக்கம் புள்ள?"

நான் கிழக்கைக் காட்டினேன். கண்ணுக்கு எட்டாத அந்தக் கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். பாறை கொதித்தது. பிள்ளைகள் சொல்லாமலே சுற்றி நின்று வெயிலை மறைத்தார்கள். அவர்களின் நிழல்களெல்லாம் சேர்ந்து ஒரு தொழுகைப்பாய் ஆனது. முழங்கால் மடங்காததால் உட்கார்ந்தே தொழுதார். ஸலாம் கொடுத்துவிட்டு, கிழக்கே திரும்பி நீண்டநேரம் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்: "அடக்கி வச்சதை இனிப் போடுங்கடி!"

முதலில் போட்டது அவர்தான். எங்கள் ஊர்க் கலியாணங்களில் கேட்ட எந்தக் குரவையும் அப்படி இருந்ததில்லை. பின்னால் பிள்ளைகளெல்லாரும். கணக்கு டீச்சர் கமலா தங்கள் பக்கத்துக் குரவையை அதற்குமேல் ஏற்றினாள். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. வெள்ளைக்காரச் சோடி ஒன்று கைதட்டியது. இறங்கி வந்தபோது அந்தக் காவற்காரர் சிங்கக் காலடியில் காத்துக்கொண்டு நின்றார். "மேல கலியாணமா நோனா?"

இஷா முடிந்து

பஸ் ஊருக்குள் நுழைந்தபோது இரவு இஷாத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மரைக்கார் பள்ளிவாசல் வாசலிலேயே நின்றார். வாப்பாமார் பாதிப்பேரும் நின்றார்கள். மாமியைப் பஸ்ஸிலிருந்து இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. கால்கள் மரமாகிவிட்டன. தம்பி ஓடிவந்து கையைப் பிடித்தார். அந்தப் பதற்றம் பொய்யில்லை. அவர் ராத்தாவில் உயிரையே வைத்திருந்த மனிதர். அதையும் எழுதாவிட்டால் அநியாயம்.

"தெரியும்தானே டீச்சர், ராத்தாவுக்கு ஏலாதெண்டு" என்று என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி: "எங்க வரைக்கும் போன ராத்தா?"

பஸ்ஸின் யன்னல்களில் எல்லாப் பிள்ளைகளின் முகங்களும் இருந்தன. மாமி தம்பியின் கையை விட்டுவிட்டு, தனியாக நின்றார். வெற்றிலைப் பையை வாங்கித் தோளில் போட்டார்.

"எங்க வரைக்கும் இரிந்திச்சோ, அங்க வரைக்கும்."

மலை ஏறின முழங்கால்

ஒருகிழமை மாமி பாயில் கிடந்தார். நான் குற்ற உணர்ச்சியோடு எண்ணெய்ப் போத்தல் வாங்கிக்கொண்டு போனேன். வீடு நிறையப் பெண்கள். மாமி படுத்தபடியே, சிங்கம், குளவி, சட்டையில்லாத பெண்கள் என்று ஒவ்வொன்றாகப் பரிமாறிக்கொண்டிருந்தார். மரைக்கார் வெளிக் கதிரையில் ஒன்றும் கேட்காததுபோல் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பரின் பக்கம் புரளவேயில்லை. கால் எப்படி என்று கேட்டேன். "நோகுதுதான். நோகட்டும். மலை ஏறின முழங்கால் நோகுறதும், சும்மா இரிந்த முழங்கால் நோகுறதும் ஒண்டா?"

அடுத்த சித்திரையில் மரைக்கார் நிபந்தனை எதுவும் போடவில்லை. துணைக்கு யார் வருவது என்பதில்தான் உம்மாமாருக்குள் சண்டை வந்தது. நாங்கள் கண்டிக்குப் போனோம், அனுராதபுரத்துக்குப் போனோம், இன்னொருமுறை அந்தப் பாறைக்கும் போனோம். பிறகு யுத்தம் வந்து காலம் கெட்டது. அந்தக் காட்டுப்பாதையால் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒருவருக்கும் துணிவு வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஊருக்குள்ளேயே சாவுகள் வந்தபோது, மலைகளைப் பற்றிக் கதைப்பதும் நின்றுபோனது. பாதை மூடியதைக் கண்ட மாமி, அந்தச் சாவுகளைக் காணாமல் முன்னமே போய்ச் சேர்ந்தார். மவுத்து வீட்டில், பௌசியா கைக்குழந்தையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் அப்போது எங்கள் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர், படிப்பித்ததும் வரலாறுதான். அழுது சிவந்த கண்ணோடு என் காதுக்குள் சொன்னாள்: "நேத்து ஒருத்தி படத்தைக் காட்டி, எப்ப டீச்சர் கூட்டிப் போவீங்க எண்டு கேட்டாள்."

இத்தனை வருசம் நான் படிப்பித்த அரசர்களில் ஒருவனும் அந்தப் பாறையை முழுதாக வென்றதாகத் தெரியவில்லை. வென்றது, முழங்கால் வாதத்தோடும் பால்பேணியோடும் போன எங்கள் சுலைஹா மாமி ஒருவர்தான், அதுவும் சோதனையில் வராத பாடம்.